பூதலூரில் ஏறுகிறவள்

ஜூலை 29, திங்கள்

ஒரு வக்கீல் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாளாக இட்லி மாவுப் பாத்திரத்துக்கு மூடியாக இருந்தது. இன்று துடைத்து எடுத்து எழுதுகிறேன். காரணம் கோபம். யாரிடமாவது கொட்டியாக வேண்டும். வழக்கமாக யாரிடம் கொட்டுவேனோ அவள் மேல்தான் கோபம் என்பதால் வேறு வழியில்லை.

பிலோமினா. நான் தஞ்சாவூரில் ஏறுவேன், அவள் பூதலூரில் ஏறுவாள், இரண்டு பேரும் திருச்சியில் இறங்குவோம். எனக்குக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. அவளுக்கு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவு. பதினேழு வருடமாக இந்தப் பாசஞ்சர் வண்டியில்தான் எங்கள் குடித்தனம். காலையில் பக்கத்தில் கைக்குட்டை போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைப்பேன். வந்து உட்கார்ந்ததும் என் பின்னலை அவிழ்த்துவிடுவாள். "இதுவாடி பின்னல், வைக்கப்பிரி மாதிரி இருக்கு" என்று திட்டிக்கொண்டே மறுபடி பின்னிவிடுவாள். சாயங்காலம் நாள் முழுக்க நின்று வீங்கிய காலைத் தூக்கி என் மடியில் போடுவாள். அமுக்கிவிடுவேன். அப்புறம் என் தோளில் சாய்ந்தாளானால் பூதலூர் வரை அசைய மாட்டாள். நான்தான் உலுக்கி எழுப்பி இறக்கிவிட வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை விளையாட்டாக, "சாய்ஞ்சு சாய்ஞ்சு என் தோளே தேய்ஞ்சு போச்சுடி" என்றேன். அவ்வளவுதான். இன்று காலையில் பின்னலைத் தொடவில்லை. "கை வலிக்குது, விடு" என்றாள். சாயங்காலம் எதிர் ஜன்னலில் போய் உட்கார்ந்துகொண்டாள். வயது ஐம்பத்து நான்கு ஆகிறது, ரோஷம் மட்டும் பாலர் வகுப்பு.

ஜூலை 31, புதன்

பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் நடுவில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று கைக்குட்டை போடவில்லை. போடக் கூடாது என்று நேற்றே முடிவு. ஆலக்குடியில் ஒரு கல்லூரிப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பூதலூரில் பிலோ ஏறினாள். பார்த்தாள். கதவோரம் நின்றுகொண்டு திருச்சி வரை வந்தாள். இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் கண்ணை மூடினாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஆபீஸில் ஒரே பிழை. 'மனுதாரர்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் 'எதிர்மனுதாரர்'. ஜட்ஜ் ஐயா கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அவித்த கடலை கொண்டுவந்தாள். "கோபமா தமா?" என்றாள். என்னை அப்படிக் கூப்பிடுவது அவள் ஒருத்திதான். "எனக்கென்ன கோபம்" என்றேன். "இல்ல, மூக்கு சிவந்திருக்கே" என்றாள். சிரித்துவிட்டேன். எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. சிரித்துக்கொண்டே அவள் வலது கையைப் பிடித்து இழுத்து, "வாடி இப்படி" என்றேன்.

படக்கென்று கையை உருவிக்கொண்டாள். முகம் வெளிறிவிட்டது. பெட்டியே பார்த்தது. "தொடாத" என்றாள்.

பதினேழு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டதில்லை. கடலைப் பொட்டலத்தை அவள் பையிலேயே திருப்பி வைத்தேன். திருச்சி வரும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வரவில்லை. நேற்றும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வரவில்லை. ஆடித் தள்ளுபடி நேரத்தில் அந்தக் கடையில் லீவு கேட்டால் அடிக்க வருவார்கள். அப்படியானால் வேறு பெட்டியில் ஏறுகிறாள். திருச்சியில் இறங்கி, எல்லாரும் வெளியேறும் வரை படிக்கட்டுப் பக்கம் நின்று பார்த்தேன். ஆபீஸுக்குத் தாமதம். தலைவலி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 17, சனி

மானத்தை விட்டுப் போன் செய்தேன். அவள் மகன் எடுத்தான். "அம்மா வேளாங்கண்ணி போயிருக்காங்க. போனை வீட்ல வச்சிட்டுப் போயிட்டாங்க" என்றான். மாதா கோயிலுக்குப் போக வேண்டியதுதான். யார் வேண்டாம் என்றது? கொடியேறவே இன்னும் நாள் இருக்கிறதே. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன?

காஸ் சிலிண்டர் வந்தது. புளி உடைத்துக் கொட்டை எடுத்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் என் மகன் ஓசூரிலிருந்து பேசினான். நன்றாக இருக்கிறாயா, நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். வைத்துவிட்டான். இவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து மொட்டைமாடிச் செடிகளோடுதான் வாசம். நல்ல மனிதர். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் குக்கர் மூன்று விசில் விட்டுவிடும். இவர் முன்னறையில் படுக்கிறார், நான் உள்ளறையில். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. இவருக்கு ஃபேன் வேகமாக ஓட வேண்டும், எனக்கு ஆகாது. அப்படியே வருடங்கள் ஆகிவிட்டன.

நேற்று ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். நர்ஸ் பெண் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, முழங்கைக்கு மேலே பட்டையைச் சுற்றி, தடவிச் சரிசெய்தாள். வெதுவெதுப்பான கை. இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். முதல் தரம் எப்போதுமே சரியாகக் காட்டாது.

செப்டம்பர் 3, செவ்வாய்

மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பிலோவின் கடைக்கே போனேன். வேளாங்கண்ணிக் கூட்டம் இன்னும் முடியவில்லை என்றாலும் ஒரு மனுஷி எத்தனை நாள் அங்கே இருப்பாள்? இரண்டாம் மாடியில் புடவை மடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"பிலோக்கா நின்னுட்டாங்களேக்கா. உடம்பு முடியாம போச்சு."

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான். வலது மார்ல கட்டின்னு சொன்னாங்க. நீங்கதானே அந்த ரயில் அக்கா? உங்ககிட்ட சொல்லலியா?"

அந்தப் பெண் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிலோவின் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன், அணைத்து வைத்திருந்தது. "வீடு எங்க?" என்று கேட்டேன். "பூதலூர்ங்கிறது மட்டும்தான்க்கா தெரியும்" என்றாள்.

எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அவள் பிரசவத்தில் பட்ட தையல் கதை தெரியும். புருஷன் செத்த அன்று என்ன குழம்பு வைத்திருந்தாள் என்று தெரியும். மருமகள் உப்பு அதிகம் போடுவாள் என்பதும், மழைக்காலத்தில் எந்தக் கால் விரல் மரத்துப்போகும் என்பதும் தெரியும். தெருப் பெயர் தெரியாது. ரயில் சிநேகம் ரயிலோடு என்று இரண்டு பேருமே ஒரு நாளும் வீட்டைக் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதைப் பெருமையாகக்கூடப் பேசியிருக்கிறோம்.

வலது பக்கம் வலித்திருக்கிறது. அதனால்தான் சாயவில்லை, அதனால்தான் கையைத் தூக்கிப் பின்னவில்லை. அந்தக் கையைத்தான் நான் பிடித்து இழுத்தேன். நான் இடம் போடாததால் அவள் நின்றுகொண்டு வந்தாள்.

இவரிடம் சொன்னேன். டிவியின் சத்தத்தைக் குறைத்தார். கேட்டார். பிறகு எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். கல்லைக் கட்டிக்கொண்டிருந்தாலாவது துணி துவைக்கலாம்.

செப்டம்பர் 4, புதன்

சாயங்கால வண்டி பூதலூரில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே, பெண்கள் பெட்டி வந்து நிற்கிற இடத்தில், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவர் நிற்கிறார். "இறங்கு" என்றார். இறங்கினேன்.

"காலையிலேயே வந்துட்டேன். மாதா கோயில்ல கேட்டேன். இந்த ஊர்ல மூணு பிலோமினா இருக்காங்க. ஜவுளிக்கடைன்னதும் சொல்லிட்டாங்க" என்றார். இவர் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டு வெகுநாளாயிற்று. நேற்று எழுதிய கடைசி வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஓட்டு வீடு. வாசலில் மருமகள் ஸ்டெல்லா. "யாரும்மா நீங்க?" என்றாள். என்ன உறவு சொல்வது? "ரயில்ல கூட வர்றவ" என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவளை விடு ஸ்டெல்லா. வாசல்ல நின்னு கோர்ட் நடத்துவா."

கட்டிலில் பாதி ஆள்தான் இருந்தாள். நான் அசையாமல் நின்றேன். எங்கே தொட்டால் எங்கே வலிக்கும் என்று தெரியவில்லை. ஸ்டெல்லா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். "எலும்பு வரைக்கும் போயிடுச்சுங்கம்மா. பெரிய ஆஸ்பத்திரியில வீட்லயே வச்சிப் பாத்துக்கங்கன்னுட்டாங்க. தொட்டா வலிக்குதுங்கிறாங்க. எங்களுக்குப் பயம், தள்ளியேதான் இருக்கோம்."

"ஏன்டி சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீயும் இப்படித்தான் நிப்பே" என்றாள் பிலோ. "இங்க எல்லாரும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி எடுத்து வைக்கிறாங்க. நல்ல புள்ளைங்க, குறை சொல்லல. நீ ஒருத்தியாவது என்னைப் போட்டு அமுக்குவியேன்னு பாத்தேன். அன்னைக்கு நீ கையை இழுத்தப்ப உசிரு போச்சு. கத்திட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது? அதான் வேளாங்கண்ணின்னு சொல்லச் சொன்னேன்."

"நான் இடம் போடலியேடி."

"ஆமா. மகாபாவி."

அவள் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "கால் வலிக்காது, அது நல்லாத்தான் இருக்கு" என்றாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா பதறினாள். "பெரியவங்க நீங்க, காலையெல்லாம் பிடிக்கிறீங்களே" என்றாள். "நீ போய் டீ போடு. உப்புப் போட்டுடாத" என்றாள் மாமியார். பாதம் குளிர்ந்து கிடந்தது. குதிகாலிலிருந்து ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். அத்தை இப்படித் தூங்கிப் பல நாள் ஆயிற்று என்று ஸ்டெல்லா சொன்னாள்.

செப்டம்பர் 12, வியாழன்

தினமும் பூதலூரில் இறங்கிவிடுகிறேன். அடுத்த வண்டியில் வீட்டுக்கு. இவரே சோறு வடித்து வைத்துவிடுகிறார். குழைந்துபோகிறது. பேசாமல் சாப்பிடுகிறேன்.

செப்டம்பர் 23, திங்கள்

அமுக்கவும் பயம், விடவும் பயம் என்று இருந்த ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிக்கொடுத்தேன். "பிடிக்கிறதுன்னா பிடிக்கணும். சும்மா பட்டுப் பட்டு எடுத்தாத்தான் வலி." அவள் கையின் மேல் என் கையை வைத்து அழுத்தினேன். "ரெண்டு பொண்டாட்டிக்காரனுக்குக்கூட இந்தச் சுகம் கிடைக்காது" என்றாள் பிலோ. ஸ்டெல்லாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. பிறகு அவளும் சிரித்தாள்.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்று என்னைக் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்காரச் சொன்னாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இடது கையால் பின்னலை அவிழ்த்தாள். ஒற்றைக் கையால் எப்படிப் பின்ன முடியும்? மூன்று கால் பிரித்தாள், ஒன்று நழுவியது. மறுபடி பிரித்தாள். "நரைச்சுப் போச்சேடி" என்றாள். அப்புறம் பின்னுவதை விட்டுவிட்டாள். விரல் மட்டும் முடிக்குள் இருந்தது. நான் திரும்பவில்லை. விரித்த தலையோடு ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அக்டோபர் 10, வியாழன்

பெட்டியில் ஆயுத பூஜை. வருடா வருடம் நடப்பதுதான். ஜன்னல் கம்பியில் மாவிலை, வாழைக்கன்று, பொரிகடலை. போன வருடம் பிலோதான் குங்குமம் கரைத்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் பொட்டு வைத்தாள். "மாதா கோவிச்சுக்க மாட்டாளா" என்று கேட்டதற்கு, "அவளும் ரயில்ல வர்றவதான்" என்றாள். இன்று என்னை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். நர்ஸ் வேலைக்குப் போகிற கவுசல்யா, "பிலோக்கா எப்ப வருவாங்க?" என்றாள். "வந்துடுவா" என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பேச்சு குறைந்துவிட்டது. மாத்திரை மயக்கம். இன்று என் பக்கம் கையைக் காட்டினாள். என்ன வேண்டும் என்று தெரியாமல் தண்ணீரை எடுத்தேன், போர்வையை எடுத்தேன். தலையை ஆட்டினாள். பிறகுதான் புரிந்தது. கட்டிலில் ஏறி அவளுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் வலி இல்லை. மெதுவாகத் தூக்கி என் தோளில் தலையைச் சாய்த்துவிட்டேன். பதினேழு வருடம் என் இடது தோளில் சாய்ந்தவள், முதல் தரம் வலது தோளில். பழகாததால் தலை நழுவியது. கன்னத்தால் தாங்கிக்கொண்டேன். கனமே இல்லை. தோள் தேய்ந்துவிட்டது என்று சொன்ன வாயை என்ன செய்யலாம்?

அடுத்த வண்டி போய்விட்டது. அதற்கடுத்த வண்டியும் போய்விட்டது. இவர் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "இருக்கட்டும், நான் நிக்கிறேன்" என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டிய வழக்குகள். ஏழு மணி வரை பிடித்து வைத்துவிட்டார்கள். பூதலூரில் இறங்க முடியவில்லை. நாளைக்குப் போக வேண்டும்.

அக்டோபர் 29, செவ்வாய்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் போன். விடிகாலையில். தூக்கத்திலேயே.

அக்டோபர் 30, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. எழுதிவிட்டால் தேவலை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் துக்க வீட்டுக்குள் ஒரு பெண் நுழைந்தால், உள்ளே இருக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வந்தவளுக்கு யார் உறவோ அவள் கையை நீட்டுவாள். இவள் போய் விழுவாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி முகம் வைத்து அழுவார்கள். சின்னம்மா மகளுக்கு ஒரு தோள், நாத்தனாருக்கு ஒரு தோள், சம்பந்திக்கு ஒரு தோள். அதற்குத்தான் துக்க வீடு. இந்து வீடானாலும் வேதக்கார வீடானாலும் இதில் வித்தியாசம் கிடையாது.

நான் நுழைந்தேன். நிமிர்ந்து பார்த்தார்கள். யாரென்று தெரியவில்லை. கையெல்லாம் அவரவர் மடியிலேயே இருந்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்துவிட்டு எழப் போனாள். அதற்குள் அவளுடைய அம்மா வந்து அவள் மேல் விழுந்தாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கிழவி என்னை அண்ணாந்து பார்த்து, "கடையிலேருந்து வந்திருக்கீங்களா? மாலையை அங்கன வைங்க" என்றாள். என் கையில் மாலைகூட இல்லை.

சவப்பெட்டியில் வெள்ளைப் பட்டுப் புடவை கட்டிக் கிடத்தியிருந்தார்கள். கையில் ஜெபமாலை. காலுக்கு வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தார்கள். அவர்கள் வழக்கம் அது. கடைசியாக ஒரு தரம் பாதத்தைப் பிடிக்கலாம் என்று போனேன். சாக்ஸுக்கு மேலேதான் பிடிக்க முடிந்தது. குதிகாலை அமுக்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பாதிரியார் வந்துவிட்டார் என்று யாரோ என்னை நகரச் சொன்னார்கள். நகர்ந்துகொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டோம். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழுவதற்கும் ஒரு ஆள் வேண்டும் போலிருக்கிறது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் எப்படி அழுவது? எனக்கு எந்த அழுகை வந்தாலும் அதைப் பூதலூர் வரை பிடித்து வைத்திருந்து அவள் ஏறியதும்தான் விடுவேன். இப்போது அவளே இல்லையே, இதை யாரிடம் கொண்டுபோவேன்?

இவர் கல்லறை வாசலில் நின்றிருந்தார். வண்டியை எடுத்தார். நான் வழக்கம்போலப் பக்கவாட்டில் உட்கார்ந்து பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆலக்குடி தாண்டினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. எங்கள் பாசஞ்சர்தான் போயிற்று. பெண்கள் பெட்டி கடந்து போனபோது ஜன்னலோரம் யாரோ ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டு போனாள். யாரென்று தெரியவில்லை.

கேட் திறந்தது. வண்டி நகர்ந்ததும் கம்பியை விட்டுவிட்டேன். இவர் முதுகில் முகத்தை வைத்தேன். இவர் உடம்பு ஒரு கணம் விறைத்தது. பழக்கம் இல்லை, பாவம். என் கை இவர் சட்டையை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் வயிற்றுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. பிறகு வந்தது. நடுரோட்டில், லாரி போகிற சத்தத்தில், பிலோ பிலோ என்று கத்தி அழுதேன். சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

இவர் திரும்பிப் பார்க்கவில்லை. அழாதே என்று சொல்லவில்லை. இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, சட்டையைப் பிடித்திருந்த என் கையின் மேல் வைத்துக்கொண்டார். மெதுவாகத்தான் ஓட்டினார்.

எங்கள் தெரு முனை வந்தது. நான் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தேன். இவர் வண்டியைத் திருப்பவில்லை. நேரே ஓட்டிக்கொண்டு போனார்.